பிள்ளைக்குத் தாடை மூட்டில் வாதம்: எந்த ஸ்கேன், எந்த மருந்து, எங்கே போவது?

சின்னப் பிள்ளைக்கு வாதமா என்று கேட்பவர்கள் இன்னும் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். வரும். 16 வயதுக்குள் தொடங்கி, குறைந்தது 6 வாரமாவது நீடிக்கிற, வேறு காரணம் சொல்ல முடியாத மூட்டு வீக்கத்தை டாக்டர்கள் ஜே.ஐ.ஏ. (ஜுவெனைல் இடியோபதிக் ஆர்த்ரைட்டிஸ்) என்கிறார்கள். முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று எங்கும் வரலாம். தாடைக்கும் வரும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. என் மகளுக்கு முழங்காலில் தொடங்கி, பிறகு தாடை மூட்டுக்கும் வந்தது. நாங்கள் குமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். இதே குழப்பத்தில் இருக்கிற அம்மா அப்பாமார் என்னிடம் கேட்கிற கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி ஒன்றுதான்: ஊசியா மாத்திரையா, எக்ஸ்ரே போதுமா ஸ்கேன் வேண்டுமா, உள்ளூரா வெளியூரா. அதனால் ஒவ்வொரு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர், அதில் நான் தலையிடவில்லை.

முதலில் எதை வைத்து ஒப்பிடுவது என்று தெளிவாக வேண்டும். முழங்கால் என்றால் வீக்கம் வற்றுகிறதா, பிள்ளை நடக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும். தாடையில் அப்படிப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். கீழ்த்தாடை எலும்பு நீளமாக வளர்வதற்கான குருத்தெலும்பு, காதுக்கு முன்னால் இருக்கிற அந்த மூட்டின் உருண்டைத் தலையிலேயே, மேல்பரப்பை ஒட்டினாற்போல இருக்கிறது. முழங்காலில் வளர்ச்சித் தட்டு மூட்டின் மேல்பரப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி உள்ளே இருக்கும். தாடையில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, மூட்டுக்குள் எரிகிற நெருப்பு நேரே வளர்ச்சியைத்தான் சுடும். ஒரு பக்கம் மட்டும் பாதித்தால் நாடி, அதாவது முகவாய், அந்தப் பக்கமாகக் கோணும், இரண்டு பக்கமும் பாதித்தால் நாடி உள்ளே போய் முகம் சின்னதாகத் தெரியும், சில பிள்ளைகளுக்கு முன்பற்கள் மேலும் கீழும் சேராமல் இடைவெளி விழும். இதெல்லாம் நடக்கும்போது வலி இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஆகவே நான் எந்த வழியைப் பற்றிச் சொன்னாலும், வலி குறையுமா என்பதோடு சேர்த்து, தாடை வளர விடுமா என்பதையும் கேட்டுக்கொண்டேதான் சொல்வேன். இரண்டாவது கேள்விதான் பெரிது.

வலி இல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? சாப்பாட்டைப் பாருங்கள். நம் வீடுகளில் முந்திரிக்கொத்தைக் கண்டால் பிள்ளைகள் கடக் முடக்கென்று கடித்து இரண்டு நிமிடத்தில் தீர்ப்பார்கள். என் மகள் அதைச் சாயாவில் முக்கி, ஊறவைத்து, ஒரு பக்கக் கடைவாயில் மட்டும் வைத்து மெல்ல ஆரம்பித்தாள். எங்க அம்மா, "ஏன் மக்ளே, பல்லு வலிக்குதா?" என்று கேட்டால் இல்லை என்பாள். அது உண்மைதான், அவளுக்கு வலி என்று சொல்ல ஒன்றும் இல்லை. பொரொட்டாவைக் கிழித்துக் கிழித்துச் சால்னாவில் ஊறப்போடுவது, மட்டிப்பழத்தைக்கூடப் பிய்த்துப் பிய்த்து வாயில் போடுவது, காலையில் எழுந்ததும் வாய் இறுகி, பத்து மணிக்கு மேல் சரியாவது, கொட்டாவி விடும்போது கன்னத்தைப் பிடிப்பது, அடிக்கடி காது வலி என்று சொல்லியும் காதில் ஒன்றும் இல்லாமல் இருப்பது, இவை எல்லாமே கவனிக்க வேண்டியவை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பிள்ளையை வெளிச்சத்தில் நேராக உட்கார வைத்து மெதுவாக வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கீழ்ப்பல் வரிசையின் நடுக்கோடு நேராக இறங்குகிறதா, பாதி வழியில் ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக நோய் உள்ள பக்கமாகத்தான் இழுக்கும். அப்புறம் பிள்ளையின் சொந்த விரல்கள் மூன்றை, உங்கள் விரல்களை அல்ல, நெட்டுக்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று பாருங்கள். இன்னும் நல்லது, பள்ளிக்கூட ஸ்கேலால் மேல்பல் நுனிக்கும் கீழ்ப்பல் நுனிக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று மாதம் ஒரு முறை அளந்து காலண்டரில் எழுதி வைப்பது. வயதுக்கு ஏற்ப அளவு மாறும், அதனால் ஒரு நாள் எண்ணை வைத்துப் பயப்பட வேண்டாம், ஆனால் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டே வந்தால் அது சும்மா விடுகிற விஷயம் இல்லை. ஏற்கெனவே ஜே.ஐ.ஏ. என்று சொல்லப்பட்ட பிள்ளை என்றால் தாடையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் ஒவ்வொரு ரிவ்யூவிலும் வாயைத் திறந்து அளக்கச் சொல்லிக் கேளுங்கள். முழங்காலைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவது நடக்கிறது.

முதலில் யாரிடம் போவது? நம் பக்கத்தில் வழக்கமாகப் பல் டாக்டர், அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர், நடுவில் ஒரு வர்ம ஆசான் என்றுதான் போகும். பல் டாக்டரிடம் போவது தப்பில்லை. சொத்தைப் பல், பல் கடிக்கும் பழக்கம், கீழே விழுந்து நாடியில் அடிபட்டது போன்ற மற்ற காரணங்களை அவர்தான் சீக்கிரம் பிரித்துச் சொல்வார். நாடியில் அடிபட்ட கதை இருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், சைக்கிளிலிருந்து விழுந்து மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பில் விரிசல் விழுந்திருந்தும் வெளியே ஒரு சின்னத் தையலோடு கவனிக்கப்படாமல் போய், பிறகு வாயே திறக்காமல் பூட்டிக்கொள்வதும் உண்டு. அது வேறு நோய், வேறு வைத்தியம். பல்லிலும் காதிலும் ஒன்றும் இல்லை என்றால் குழந்தை மருத்துவர் வழியாக வாத நோய் நிபுணரிடம், அதாவது ருமட்டாலஜிஸ்டிடம், போய்விடுவது நல்லது. பல் டாக்டரும் அவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் இது.

வர்மத்தைப் பற்றி மனதில் பட்டதைச் சொல்கிறேன். குமரி மாவட்டம் வர்மத்தின் மண். சுளுக்கு, பிசகு, தசைப் பிடிப்புக்கு ஆசான்களிடம் போய்க் குணமானவர்கள் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறார்கள், அந்தக் கைகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உள்ளே அழற்சி இருக்கிற, வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளையின் தாடை மூட்டை அழுத்தித் திருப்பி இழுத்து விடுவது இந்த நோய்க்கு வைத்தியம் ஆகாது. மூட்டு இடம் பிசகவில்லை, உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த மூட்டையே தாக்குகிறது. வெதுவெதுப்பான துணியால் கன்னத்தில் ஒத்தடம் கொடுப்பது சுற்றியுள்ள தசைக்கு இதமாக இருக்கும், அதைத் தாராளமாகச் செய்யலாம். என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதித் தராத பொடி, லேகியம் மட்டும் கண்டிப்பாக வேண்டாம். பின்னால் சொல்லப்போகும் மருந்து ஈரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டியது, இரண்டும் சேர்ந்தால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

ரத்தப் பரிசோதனையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுகிற ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் நார்மலாக இருந்தும் தாடைக்குள் நோய் இருக்கலாம். பெரியவர்களின் வாதத்துக்குப் பார்க்கிற ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்பதால் வாதம் இல்லை என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், ஜே.ஐ.ஏ. பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அது நெகட்டிவ்தான். ஏ.என்.ஏ. என்கிற இன்னொரு ரத்தச் சோதனை பாசிட்டிவ் என்றால் கண்ணை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவு.

ஸ்கேன் விஷயம்தான் பணமும் பயணமும் கேட்கிற முடிவு. பல் ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, முகத்தைச் சுற்றி வந்து ஒரே படத்தில் எல்லாப் பல்லையும் காட்டுமே, அது மலிவு, பக்கத்திலேயே கிடைக்கும், ஐந்து நிமிட வேலை. ஆனால் அது எலும்பைத்தான் காட்டும். அதில் மூட்டுத் தலை தட்டையாகவோ அரித்தோ தெரிந்தால் நோய் வந்து போய்ச் சேதமும் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்று அர்த்தம் கிடையாது. சி.பி.சி.டி. என்கிற முப்பரிமாண ஸ்கேன் எலும்பை இன்னும் துல்லியமாகக் காட்டும், கோணலை அளக்கவும் அறுவை சிகிச்சையைத் திட்டமிடவும் தேவைப்படும், ஆனாலும் அதே குறைதான், கதிர்வீச்சும் கூடுதல். அல்ட்ராசவுண்ட் முழங்காலுக்கு அருமையானது. தாடையில் மூட்டின் பெரும்பகுதி எலும்புக்குப் பின்னால் மறைந்து கிடப்பதால் அதை நம்பி நோய் இல்லை என்று சொல்ல முடியாது.

மிச்சம் இருப்பது, படத்தில் நோயுள்ள இடத்தைத் தெளிவாகக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ. மூட்டுச் சவ்வு வீங்கியிருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, எலும்புக்குள் வீக்கம் உண்டா என்று ஆரம்பத்திலேயே காட்டுவது இது ஒன்றுதான், கதிர்வீச்சும் கிடையாது. ஜே.ஐ.ஏ. பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தாடை பாதிக்கிறது என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு 17 சதவீதம் முதல் 87 சதவீதம் வரை எண் மாறுகிறது. எந்தப் பிள்ளைகளைப் பார்த்தார்கள், எதை வைத்துத் தேடினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இவ்வளவு வித்தியாசம். நீங்கள் எந்தச் சோதனையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது பதிலையே மாற்றும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

எம்.ஆர்.ஐ.யிலும் சிக்கல்கள் உண்டு. சின்னப் பிள்ளைகள் அசையாமல் படுக்க மாட்டார்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும், அதற்கு மயக்கவியல் டாக்டர் இருக்கிற இடமாகப் பார்க்க வேண்டும். கான்ட்ராஸ்டுக்கு முன் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் விஷயத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கான்ட்ராஸ்ட் போடாமலே மேலோட்டமாக முகத்தை எடுத்து நார்மல் என்று தாள் கொடுத்துவிட்டார்கள், மறுபடி முழுப் பணமும் கட்டி வேறு இடத்தில் எடுத்தபோதுதான் இரண்டு பக்கமும் சவ்வு வீக்கம் தெரிந்தது. அதனால் போன் செய்யும்போதே கேட்டுவிடுங்கள்: இரண்டு தாடை மூட்டுக்கும் (டி.எம்.ஜே. என்பார்கள்) தனியாக எடுப்பீர்களா, வாய் மூடியும் திறந்தும் எடுப்பீர்களா, கான்ட்ராஸ்ட் உண்டா, குழந்தைகளின் ஸ்கேனைப் பார்த்துப் பழகிய ரேடியாலஜிஸ்ட் ரிப்போர்ட் எழுதுவாரா. கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் நோயே இல்லாத பிள்ளைகளுக்கும் அந்த மூட்டில் துளி நீரும் லேசான சவ்வு வெளிச்சமும் தெரிவது உண்டு, அதை வாதம் என்று எழுதிவிட்டால் தேவையில்லாத மருந்து போகும். ஸ்கேனையும் பிள்ளையின் வாயையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

கையில் பணம் ஒரு ஸ்கேனுக்குத்தான் இருக்கிறது என்றால் என் பதில், ஏற்கெனவே ஜே.ஐ.ஏ. உள்ள பிள்ளைக்கு வாய் திறப்பு குறைகிறது அல்லது நாடி கோணுகிறது என்றால் நேரே எம்.ஆர்.ஐ. வேறு எந்த மூட்டிலும் நோயே இல்லாமல் தாடை மட்டும் வலிக்கிற, கிளிக் சத்தம் கேட்கிற பதின்வயதுப் பிள்ளை என்றால் முதலில் பல் டாக்டரும் ஓ.பி.ஜி.யும் போதும், அந்த வயதில் தசைப் பிடிப்பும் மூட்டுக்கு நடுவே இருக்கிற வட்டு நழுவுவதும்தான் அதிகம்.

சரி, நோய் உறுதியாகிவிட்டது. வைத்தியம்?

நாப்ராக்ஸன், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி-வீக்க மாத்திரைகள்தான் வழக்கமாக முதல் படி. வலிக்கும்போது மட்டும் போடாமல் டாக்டர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல், சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டும். மலிவு, எங்கும் கிடைக்கும், வயிற்றை மட்டும் கவனிக்க வேண்டும். இதிலேயே சரியாகிவிட்டால் சந்தோஷம். ஆனால் வலி போய்விட்டது என்று இதிலேயே மாதக்கணக்காக உட்கார்ந்துவிடுவதுதான் ஆபத்து, வலி அடங்கியும் உள்ளே அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். எத்தனை வாரம் பார்ப்போம், அதற்குப் பிறகு என்ன என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை சீக்கிரமே அற்புதம் காட்டும். பிள்ளை சிரித்துக்கொண்டே சாப்பிடும். அதனாலேயே அதை நிறுத்த மனம் வராது. முகம் உப்பும், உயரம் நிற்கும், எலும்பு மெலியும். அமெரிக்க வாத நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜியின் 2021 வழிகாட்டுதலில் தாடை மூட்டு வாதத்துக்கு ஆரம்ப வைத்தியமாக இதை வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

அதிகம் பேர் குழம்புவது மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசியில். முழங்காலில் ஒரே ஊசியில் வீக்கம் வற்றியதைப் பார்த்த பெற்றோர், அதையே தாடையிலும் போட்டுவிட்டால் பின்னால் சொல்லப்போகிற வாரா வார மருந்து வேண்டாமே என்று ஆசைப்படுவது நியாயம்தான். என் மைனிகூட, "காலுக்குப் போட்டு நல்லாச்சுல்லா, இதுக்கும் போட்டிர வேண்டியதுதானே" என்றாள். இரண்டு மூட்டும் ஒன்றல்ல. தாடையில் அந்த ஊசி வலியையும் திறப்பையும் பல பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலத்துக்குச் சரியாக்குகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் மருந்து போய்ச் சேரும் இடத்தில்தான் வளர்ச்சிக் குருத்தெலும்பு இருக்கிறது. திரும்பத் திரும்பப் போட்ட பிள்ளைகளில் தாடை வளர்ச்சி குறைந்ததையும், மூட்டைச் சுற்றி இருக்கக்கூடாத இடத்தில் எலும்பு படிந்ததையும் எழுதியிருக்கிறார்கள். அதே வழிகாட்டுதல் இந்த ஊசியை முழுக்க ஒதுக்கவில்லை, வளர்ச்சி முடிந்தவர்களுக்கு முன்னுரிமை, வளரும் பிள்ளைகளில் சிக்கனமாக என்கிற மாதிரிதான் சொல்கிறது. பிள்ளைக்குச் சாப்பிடவே முடியவில்லை, மற்ற மருந்து வேலை செய்ய நாள் ஆகும் என்கிற இக்கட்டில் ஒரு முறை போடுவது வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று பழக்கமாக்குவது வேறு. இரண்டாவதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது மெத்தோட்ரெக்சேட். பேரைக் கேட்டதும் கூகுளில் தேடி, புற்றுநோய் மருந்து என்று படித்து அழுகிற அம்மாமார்கள் பலர். புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவும் வாதத்துக்குக் கொடுக்கும் அளவும் மலைக்கும் மடுவுக்கும். உடலின் பரப்பளவைக் கணக்கிட்டு வாரத்துக்கு ஒரே ஒரு முறை, மாத்திரையாகவோ தோலுக்கடியில் ஊசியாகவோ. வாரம் ஒரு முறை என்பதை மருந்துச் சீட்டிலும் டப்பாவிலும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், தெரியாமல் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. சனிக்கிழமை ராத்திரி கொடுத்தால் குமட்டல் இருந்தாலும் ஞாயிறோடு போய்விடும், பள்ளிக்கூடம் கெடாது. கூடவே ஃபோலிக் ஆசிட், இடைவெளி விட்டு ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை, உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி எதுவும் போடும் முன் டாக்டரிடம் கேட்பது. வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அந்தப் பொறுமைதான் கஷ்டம். ஆனால் இது உள்ளிருந்து நோயை அடக்குகிறது, தாடையோடு முழங்காலையும் சேர்த்து. வலி மாத்திரைக்கோ ஊசிக்கோ அடங்காவிட்டால் இந்த வகை மருந்தைத் தொடங்குவதற்கு அந்த வழிகாட்டுதல் உறுதியான பரிந்துரையே கொடுக்கிறது. வளர்கிற பிள்ளைக்கு மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியா மெத்தோட்ரெக்சேட்டா என்று என்னைக் கேட்டால், மெத்தோட்ரெக்சேட். தள்ளிப்போடாமல்.

அதற்கும் அடங்காவிட்டால் அடாலிமுமாப், எட்டனர்செப்ட் மாதிரி, அழற்சியைத் தூண்டும் பொருளைக் குறிவைத்துத் தடுக்கிற பயாலாஜிக் ஊசிகள். அடாலிமுமாபின் இந்தியத் தயாரிப்பு 2014 முதல் கிடைக்கிறது. அசலைவிட விலை குறைவு, ஆனாலும் மாதச் சம்பளக்காரருக்கு லேசானது இல்லை. தொடங்கும் முன் காசநோய் உள்ளே ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பார்கள், நம் நாட்டில் அதைத் தவிர்க்கவே கூடாது. பிள்ளைக்குக் கண்ணிலும் அழற்சி இருந்தால் இந்த இரண்டில் அடாலிமுமாப்தான் கண்ணுக்கும் உதவும், எட்டனர்செப்ட் அதற்குப் போதாது. கண் என்றதும் ஒன்று: ஜே.ஐ.ஏ.யில் கண் அழற்சி பெரும்பாலும் சிவப்போ வலியோ இல்லாமல் வரும். டாக்டர் சொன்ன இடைவெளியில், ஆபத்து அதிகமுள்ள பிள்ளைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கண் டாக்டர் கருவியில் வைத்துக் கண்ணுக்குள் பார்க்கிற ஸ்லிட் லாம்ப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

பல் டாக்டர் செய்து தரும், பல்லின் மேல் மாட்டுகிற ஸ்ப்ளின்டைப் பலர் மருந்துக்கு மாற்றாக நினைக்கிறார்கள். மருந்து அழற்சியை அடக்கும், ஸ்ப்ளின்ட் மூட்டின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கும், வளர்ச்சியைச் சரியான பக்கம் திருப்பும் வகை கருவிகளும் உண்டு. இரண்டும் சேர்ந்துதான். வாய் திறக்கும் பயிற்சியும் பிசியோதெரபிஸ்ட் காட்டித் தருகிற அளவோடு. கோணலைத் திருத்தும் பெரிய அறுவை சிகிச்சையை, முடிந்தவரை வளர்ச்சி முடிந்து நோயும் அடங்கிய பிறகுதான் யோசிப்பார்கள்.

இனி எங்கே போவது. நாகர்கோவில் பக்கம் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, குழந்தை மருத்துவர், கண் டாக்டர், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில், செலவு இல்லாமல். மாதா மாதப் பின்தொடர்தலுக்கு அதை விட்டுவிடாதீர்கள். திருவனந்தபுரம் மார்த்தாண்டத்திலிருந்து 40 கிலோமீட்டருக்குள், நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டர் அளவில், மெடிக்கல் காலேஜும் பக்கத்திலேயே குழந்தைகளுக்கான எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியும் அரசு பல் கல்லூரியும் இருக்கின்றன. குழந்தைகளின் வாத நோயை மட்டுமே பார்க்கிற நிபுணர் வேண்டுமென்றால் கொச்சி, வேலூர், சென்னை மாதிரி ஊர்களில் விசாரிக்க வேண்டும். குழித்துறையில் பரசுராம் ரயிலில் ஏறினால் எர்ணாகுளம் ஒரு பகல் பயணம்தான், சென்னைக்கு ஒரு ராத்திரி. முதல் முடிவுக்கும், மருந்து மாற்றும்போதும் அங்கே போய், மற்ற நாட்களில் உள்ளூர் டாக்டரை வைத்துப் பார்ப்பதுதான் பிள்ளையும் தாங்கும், குடும்பமும் தாங்கும் என்று நான் நினைக்கிறேன். போகும்போது காலண்டரில் எழுதின வாய் அளவுகள், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு அதன் சி.டி., பிள்ளையின் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த பழைய போட்டோக்கள், இவற்றைக் கொண்டுபோங்கள். முதல் வகுப்பு போட்டோவையும் இப்போதைய போட்டோவையும் பக்கத்தில் வைத்ததும் எங்கள் டாக்டர் நாடிக் கோணலை உடனே காட்டினார்.

வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எடுத்துவிடுங்கள். அது தமிழ்நாட்டுத் திட்டம் என்பதால் கேரளாவில் குறிப்பிட்ட ஆஸ்பத்திரியில் செல்லுமா, இந்த ஸ்கேனும் இந்த ஊசியும் அதில் வருமா என்று கிளம்பும் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். எல்லை தாண்டியதும் கவுண்டரில் நின்று கேட்கிற நிலைமை பிள்ளையோடு போகும்போது வேண்டாம்.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பது கடைசிக் கேள்வி. வலி போனதும் நிறுத்துவது, நோய் அடங்கிப் பல மாதம் ஆனபின் டாக்டர் சொல்லி மெதுவாகக் குறைப்பது என்று இரண்டு வழி இருக்கிறது. முதல் வழியில் போன பிள்ளைகளுக்கு நோய் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். தாடையைப் பொறுத்தவரை குறைக்கும் முன் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாமா என்று நீங்களே கேளுங்கள். நிறுத்திய பிறகும் மாதம் ஒரு முறை ஸ்கேலை எடுத்து அளப்பதை விடாதீர்கள், பெண்பிள்ளை என்றால் பதினைந்து பதினாறு வயது வரை, ஆண்பிள்ளைக்கு இன்னும் இரண்டு வருடம் கூட, தாடை வளர்ந்துகொண்டேதான் இருக்கும்.